போன் அக்காவும் பத்தாவது விதியும்

அந்த எண்ணுக்கு இப்போது போன் செய்தால் ஒரு பதிவுக் குரல் வருகிறது. புதியவர் என்றால் ஒன்றை அழுத்தச் சொல்கிறது, பழையவர் என்றால் இரண்டை. நடுநடுவே பியானோ வேறு. எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பன்னிரண்டு வருடம் அந்த எண்ணில் ஒரு மனுஷி இருந்தார். அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றோம். முதலாளியம்மாவே அப்படித்தான் கூப்பிடுவார், அவருக்கு அக்காவைவிட நாலு வயது அதிகம் என்றாலும்.

எஸ்கார்ட் சர்வீஸ் என்றதும் முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை. நான் அங்கே ஒன்பது வருடம் கார் ஓட்டினேன். பெண்களைப் பெரிய ஹோட்டல்களிலும் பெரிய வீடுகளிலும் இறக்கிவிட வேண்டும், கீழே காத்திருக்க வேண்டும், திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். எல்லோரும் முப்பது தாண்டிய, விவரம் தெரிந்த பெண்கள். யாரை ஏற்பது, யாரை வேண்டாம் என்பது என்பதை அவர்களேதான் முடிவு செய்வார்கள். உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்டதும் இல்லை, அவர்கள் சொன்னதும் இல்லை. கிளையன்ட்டுகளைப் பற்றி மட்டும் எனக்குப் பொதுவாக நல்ல அபிப்பிராயம் கிடையாது. காசு கொடுத்தால் மரியாதை கொடுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிற கூட்டம் அது. அந்தக் கூட்டத்துக்குத்தான் அக்கா தினமும் காலை பத்து மணி முதல் பாடம் நடத்துவார்.

கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. ஜன்னலுக்கு வெளியே கடையின் பெரிய மூக்குக் கண்ணாடி விளம்பரம் தொங்கும், அதன் முதுகு மட்டும் தெரியும். ஒரு மேஜை, இரண்டு போன், கனமான பச்சைத் திரைச்சீலை. தெருச் சத்தம் போனுக்குள் போய்விடக்கூடாது என்று அக்காவின் கணவர் தைத்துக் கொடுத்தது அது. அவருக்குத் தொழிலே திரைச்சீலை தைப்பதுதான். மனைவியின் வேலை என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் அக்காவை ஒரு வார்த்தை தடித்துப் பேசி நான் கேட்டதில்லை. சண்டை வந்தால் இன்னும் கொஞ்சம் வேகமாகத் தையல் மிஷினை மிதிப்பார், அவ்வளவுதான்.

இதற்கு முன் அக்கா பதினொரு வருடம் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருந்தவர். அங்கே டாக்டர் ஓய்வு பெற்றுக் கடையை மூடினார், அக்கா இங்கே வந்து சேர்ந்தார். வேலை மாறினாலும் அக்கா மாறவில்லை. புதுக் கிளையன்ட் ஒருவர் போன் செய்தால் இப்படித்தான் போகும்:

"சார், முதல்ல குளிக்கணும்."

"என்ன மேடம், நான் தினமும் குளிக்கிறவன்தான்."

"காலையில குளிச்சது காலையோட சரி. அவங்க வர்றதுக்கு முன்னாடி குளிக்கணும். நகம் வெட்டியிருக்கணும். பல் தேய்ச்சிருக்கணும், நாக்கும் சேர்த்து."

"நாக்குமா?"

"நாக்கும். ரெண்டாவது, குடிச்சிட்டு இருக்கக்கூடாது. பயமா இருந்துச்சு, கொஞ்சமாத்தான் குடிச்சேன்னு சொல்லக்கூடாது. பயமா இருந்தா எனக்குப் போன் பண்ணுங்க, பேசலாம்."

மொத்தம் பத்து விதி. பணக் கவர் அவர்கள் உள்ளே வருவதற்கு முன்பே மேஜைமேல் கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும், அதைப் பற்றிப் பேச்சே எழக்கூடாது. பேரம் கூடாது. சொந்தப் பெயர் என்ன, எத்தனை பிள்ளை, எப்படி இந்த வேலைக்கு வந்தாய் என்று கதை கேட்கக்கூடாது. போட்டோ கூடாது. அவர்கள் ஒரு விஷயத்துக்கு வேண்டாம் என்றால் வேண்டாம், இரண்டாவது தடவை கேட்டால் அவர்கள் எழுந்து வந்துவிடுவார்கள். நேரம் முடிந்தால் நன்றி சொல்லிக் கதவைத் திறந்துவிட வேண்டும். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அக்கா, "எங்க, திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்" என்பார். ஆயிரம் பேருக்குச் சம்பளம் போடுகிற ஆள் ஒருவர், விமான நிலையத்தில் நின்றுகொண்டு, "நகம், பல், நாக்கு" என்று ஒப்பித்ததை நான் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறேன். அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது.

பத்தாவது விதியை மட்டும் அக்கா மூன்று முறை சொல்ல வைப்பார். வெளியே எங்கே பார்த்தாலும் அவங்களை உங்களுக்குத் தெரியாது. கடையிலோ, கல்யாணத்திலோ, ஆஸ்பத்திரியிலோ. சிரிக்கக்கூடாது. தலையசைக்கக்கூடாது. உங்க கூட யாரும் இல்லாவிட்டாலும் சரி, அவங்க கூட யாரும் இல்லாவிட்டாலும் சரி.

அதற்குக் காரணம் இருக்கிறது. அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு கிளையன்ட்டிடம் ஒன்பது விதி சொல்லி முடிப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. மறுபடி கூப்பிட்டுப் பத்தாவதைச் சொல்ல நேரமில்லை, விட்டுவிட்டார். அந்த ஆள் நல்ல ஆள்தான். அதுதான் வினை. இரண்டு வாரம் கழித்து ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் எங்கள் பெண்ணைப் பார்த்திருக்கிறார், அவர் பிள்ளையும் அங்கேதான் படிக்கிறது. மரியாதையாக எழுந்து வந்து, அவளுடைய வேலைப் பெயரைச் சொல்லி, சௌக்கியமா என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் அவள் பையன் நின்றுகொண்டிருந்தான். "ஏன்மா அந்த அங்கிள் உன்னை வேற பேர்ல கூப்பிடறாரு?" என்று அவன் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான். அந்த மாதமே அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரைவிட்டே போய்விட்டாள்.

"ஒரு வரி சொல்லாம விட்டேன் தம்பி. ஒரு குடும்பமே இடம் பெயர்ந்து போச்சு" என்று அக்கா என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் முதல் முறை சொல்வது போலத்தான் சொல்வார்.

கிளையன்ட் யாரையும் அக்கா நேரில் பார்த்தது கிடையாது. குரல்தான். குரலை வைத்து ஒரு பெயர் சூட்டி, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். இருமல்காரர், அவசரம், பெருமூச்சு, ரேடியோ. அந்த வரிசையில் ஒருவர்தான் நாலு மணிக்காரர். வியாழக்கிழமை தவறாமல் மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை.

முதன்முதலில் போன் செய்தபோது அவருக்கு அறுபத்து மூன்று வயது. வரைபட அலுவலகத்தில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அக்கா விதிகளைச் சொல்லச் சொல்ல, மறுமுனையில் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டதாம். முடித்ததும் அவர்தான் சந்தேகம் கேட்டார்.

"அம்மா, அவங்க உள்ள வரும்போது நான் உட்கார்ந்திருக்கலாமா, எழுந்து நிக்கணுமா?"

பன்னிரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆண் அவர்தான் என்று அக்கா சொல்வார். "எழுந்து நின்னா நல்லதுங்க" என்றாராம், குரல் கொஞ்சம் தடுமாறி.

அவரிடம் போய்க்கொண்டிருந்த பெண்ணை நாங்கள் டீச்சர் என்போம். டீச்சர் வேலை எதுவும் பார்த்ததில்லை. மூக்குக் கண்ணாடியும், தப்பாகப் பேசினால் திருத்துகிற புத்தியும் உண்டு, அதனால் அந்தப் பெயர். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். மற்ற வேலைகளுக்குப் போகும்போது காரில் கண்ணை மூடிக்கொண்டு வருவார். வியாழக்கிழமை மட்டும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வருவார். அவர் என்னிடம் சொன்ன ஒரே உள்விஷயம் இதுதான்: "நான் உட்காராம அவர் உட்காரவே மாட்டார் தம்பி. நான் செருப்பைக் கழட்டி, பையை வைச்சு, உட்கார்ற வரைக்கும் அப்படியே நிப்பார்." இப்படி ஏழு வருடம்.

ஒருமுறை மருந்துக் கடையில் அவர்கள் இருவரையும் நான் பார்த்தேன். டீச்சர் மாத்திரை வாங்க இறங்கினார், நான் காரை ஓரமாக நிறுத்தியிருந்தேன். வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர், மாடி ஜன்னலில் நான் பார்த்துப் பழகிய நாலு மணிக்காரர். திரும்பிப் பார்த்தார். தூணைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார். டீச்சர் கையிலிருந்து மருந்துச் சீட்டு விழுந்தது. நாலு மணிக்காரர் குனிந்து எடுத்து, "இது உங்களுதாங்க?" என்று கொடுத்தார். "ஆமாங்க, நன்றி" என்றார் டீச்சர். அப்புறம் மாத்திரையை வாங்கிக்கொண்டு அவர் போயே போய்விட்டார். நான் இதைப் போய் அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பார்த்தியா? மனுஷன்னா அவர். சொன்னதைச் சொன்ன மாதிரி செய்யறார்" என்றார். தான் வளர்த்த பிள்ளை முதல் ரேங்க் வாங்கிய மாதிரி இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை அவரிடமிருந்து போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கிளையன்ட் கூப்பிடாவிட்டால் நாங்கள் கூப்பிடக்கூடாது. டீச்சர் அந்த நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். மூன்றரை மணிக்குக் கண்ணாடிக் கடை மாடிக்கு வந்து, நாலரை வரை ஒரு வார இதழைப் புரட்டிவிட்டுப் போவார். அக்கா அவரை ஒன்றும் கேட்கவில்லை. இப்படியே ஆறு வியாழன் போயிற்று.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை, அவருடைய எண்ணிலிருந்தே போன் வந்தது. அக்கா ஆசையாக எடுத்தார். பேசியது ஒரு பெண் குரல்.

"பல் ஆஸ்பத்திரிங்களா? அப்பா போன்ல 'பல்'லுன்னு இந்த நம்பர் இருக்கு. நான் அவர் பொண்ணு."

அக்காவே அவரை அப்படிப் பதிந்துகொள்ளச் சொல்லியிருந்தார். பழைய ரிசப்ஷன் குரல் தானாக வந்தது. "ஆமாங்க, சொல்லுங்க."

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்றார் மகள். வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. ஆனால் நாம் பேசுவது புரிகிறது. "மத்த நாளெல்லாம் ஜடம் மாதிரி படுத்திருக்கார் மேடம். வியாழக்கிழமை ஆனா மட்டும் என்னவோ பண்றார். சவரம் பண்ணிவிடுன்னு தாடையைக் காட்டறார். வெள்ளைச் சட்டையைக் காட்டறார். நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லி, ஆறு மணி வரைக்கும் கதவையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார். அப்புறம் சாப்பிடவும் மாட்டேங்கறார். காலண்டர்ல பார்த்தா ஒவ்வொரு வியாழனும் நாலு மணின்னு எழுதியிருக்கு. உங்ககிட்ட ஏதாவது அப்பாயிண்ட்மென்ட் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா," என்றார் அக்கா. "கேன்சல் பண்ணிடறேன்."

"சரிங்க. சனிக்கிழமை அவரை எங்க ஊருக்கே கூட்டிட்டுப் போறோம். இந்த வீட்டைக் கொடுத்தாச்சு. இனிமே இங்க வர மாட்டார்."

போனை வைத்தபின் அக்கா ரொம்ப நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தார். நான் டீ வாங்கிக்கொண்டு மாடி ஏறியபோது அப்படித்தான் இருந்தார். "கேன்சல் பண்ணிடறேன்னு சொல்லிட்டேன் தம்பி," என்றார். "ஆறு வாரமா அந்த மனுஷன் சட்டை போட்டுக்கிட்டுக் கதவைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார். நான் கேன்சல்னு சொல்லிட்டேன்." கண் கலங்கி அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு டீயை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

டீச்சரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். "நான் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரணும் அக்கா" என்றார்.

முதலாளியம்மாவுக்கு விஷயம் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை, ஆனால் கறார். "குடும்பம் உள்ள வந்துட்டா நாம வெளிய. நீங்க போட்ட விதிதானே அக்கா அது? பொண்ணுக்கு விஷயம் தெரிஞ்சு நாலு பேர்கிட்டச் சொன்னா, மத்த கிளையன்ட் யார் நம்மளை நம்புவாங்க? போறதுன்னா போங்க. திரும்ப இங்க வராதீங்க" என்று சொல்லிவிட்டார். அதில் தப்பும் சொல்ல முடியாது.

அக்கா அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தார். பல வருடமாக வந்துகொண்டிருந்த நோயாளி என்பதால், ஊருக்குப் போவதற்கு முன் டாக்டரம்மா வீட்டுக்கே வந்து ஒரு தடவை பல்லைப் பார்த்துவிடுவார், கட்டணம் கிடையாது, வியாழக்கிழமை நாலு மணி என்றார். மகள், "ரொம்ப நல்லதாப் போச்சு மேடம்" என்றார். அந்த ஒரு வார்த்தை அக்காவுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும்.

பல் ஆஸ்பத்திரியில் போட்ட பழைய வெள்ளைக் கோட்டு வீட்டு அலமாரியில் இருந்தது. போட்டுப் பார்த்தால் பொத்தான் எட்டவில்லை. கணவரிடம் கொடுத்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, இரண்டு விரல் விட்டுத் தைத்து, இஸ்திரியும் போட்டுக் கொடுத்தார். "கக்கத்துல பிடிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை மூவருமாகப் போனோம். அக்கா கோட்டில் ரிசப்ஷனிஸ்டாக, டீச்சர் டாக்டர் வேடத்தில், கையில் பெட்டியோடு நான் உதவியாளன். பெட்டிக்குள் என் கார் ஸ்பானர்கள்தான் இருந்தன. அக்கா அதுவரை என் காரில் ஏறியதே கிடையாது. "இப்படித்தான் போவீங்களா தினமும்?" என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். டீச்சர் கையை மடியில் கோத்து வைத்திருந்தார், விரல் நுனி வெளுத்திருந்தது.

முதல் மாடி வீடு. கூடத்தில் அட்டைப் பெட்டிகள் கட்டிவைத்திருந்தன. மகள் எங்களை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீளமான படம் வரையும் மேஜை, அதன்மேல் மருந்துகள். வாசலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் அவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, வழித்த முகம். வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது.

டீச்சர் உள்ளே காலெடுத்து வைத்தார். அவர் நிமிர்ந்தார். கண்ணில் ஏதோ மின்னியது, நான் பார்த்தேன். அடுத்த கணம் டீச்சருக்குப் பின்னால் மகள் நிற்பது அவருக்குத் தெரிந்தது.

முகம் அணைந்துவிட்டது. டீச்சரைத் தூணைப் பார்ப்பது போலப் பார்த்தார். மருந்துக் கடையில் பார்த்த அதே பார்வை.

"அப்பா, பல் டாக்டர் வந்திருக்காங்க. வாயைத் திறங்க" என்றார் மகள்.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். டீச்சர் இன்னொரு அடி வைத்ததும் இடது கையைத் தூக்கி வாசலைக் காட்டினார். போ, போ என்று ஆட்டினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கோபம் என்று மகள் நினைத்திருப்பார். அது கோபம் இல்லை. அந்த மனிதருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. தன்னால் டீச்சர் மாட்டிக்கொள்ளப் போகிறார் என்ற பயம் அது.

"சாரி மேடம்," என்றார் மகள், "அவருக்கு அடையாளமே தெரியல. நினைவும் போயிட்டு இருக்குன்னு டாக்டர் சொன்னார். இன்னொரு நாள்..."

டீச்சர் அசையாமல் நின்றார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. துடைத்தால் மகள் பார்த்துவிடுவார் என்று அப்படியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி எங்காவது எறிய வேண்டும் போல இருந்தது. ஏழு வாரம் காத்திருந்தவர், காத்திருந்தது வந்து நிற்கும்போது போ என்கிறார். மூன்று முறை ஒப்பித்த பாடம், நாக்கு போனபிறகும் போகவில்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கோட்டின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். வேலை தப்பித்திருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"ஐயா," என்றார் அக்கா. போன் குரலில் சொன்னார். அந்தக் குரல் வேறு, நேரில் பேசுகிற குரல் வேறு. "வியாழக்கிழமை, நாலு மணி. உறுதி பண்ணிக்கலாமா?"

ஒவ்வொரு வாரமும் மூன்று மணிக்குப் போன் செய்யும்போது அவர் காதில் விழுந்த வார்த்தைகள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கோட்டுப் போட்ட, குண்டான, தலை நரைத்த ஒரு பெண்மணியைக் கண் கொட்டாமல் பார்த்தார். ஏழு வருடமாகத் தெரிந்தவரை அன்றுதான் பார்க்கிறார்.

"நான்தாங்க. பத்தாவது விதியை நான் எடுத்துட்டேன். இனிமே உங்களுக்கு அது கிடையாது. இவங்களை உங்களுக்குத் தெரியும்னு நீங்க காட்டலாம். நான் சொல்றேன்."

மகள்தான் முதலில் பேசினார். "என்ன விதி? யார் நீங்க? நீங்க பல் ஆஸ்பத்திரி இல்லையா?"

"இல்லைம்மா" என்றார் அக்கா. என்ன வேலை என்று நேராகச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டார்.

மகளுக்கு முகம் சிவந்து போனது. "எங்க அம்மா இருந்த வீடு இது" என்றார்.

"தெரியும்மா. அம்மா போய் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் முதல் போன் பண்ணார். என்ன சோப்புப் போட்டுக் குளிக்கணும்னுகூட என்கிட்டக் கேட்டுக்கிட்டார். ஒரு நாளும் ஒருத்தரையும் மரியாதைக் குறைவாப் பேசினது இல்லை. உங்க அப்பாவைப் பத்தி நீங்க தலை குனியறதுக்கு ஒண்ணும் இல்லைம்மா. எங்களை வெளிய போகச் சொன்னா போயிடறோம்."

மகள் வாயைத் திறந்தார். போகச் சொல்லத்தான் திறந்தார் என்று இன்றும் நினைக்கிறேன். அதற்குள் நாற்காலி கிறீச்சிட்டது.

அவர் எழுந்துகொண்டிருந்தார். இடது கையை நாற்காலிக் கையில் ஊன்றி, உடம்பை ஒரு பக்கமாகத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க, பாதி எழுந்துவிட்டார். வலது கால் உதறியது. மகள், "அப்பா!" என்று ஓடிப்போய்த் தாங்கினார். "ஏழு வாரமா பிசியோதெரபிஸ்ட் கெஞ்சிட்டு இருக்கார், எழுந்திருக்கவே மாட்டேன்னுட்டார்..." என்று எங்களைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். அப்பாவை உட்காரவைக்கத் தோளை அழுத்தினார். அவர் உட்காரவில்லை. கண் டீச்சர்மேல் இருந்தது.

"நான் உட்காரணும்," என்றார் டீச்சர், அழுகையும் சிரிப்புமாக. "நான் உட்காராம அவர் உட்கார மாட்டார்."

செருப்பை அவசரமாகக் கழற்றினார். பையை மேஜைமேல் மருந்துகளுக்கு நடுவே வைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். அதன்பிறகுதான் அவர் மெல்ல, மகளின் கைப்பிடியில், நாற்காலியில் இறங்கினார். அந்தத் தூண் பார்வை போய்விட்டது. அந்த முகத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தார், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவின் சட்டைக் காலரைச் சரி செய்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, "எத்தனை மணி வரைக்கும்?" என்றார்.

"ஆறு வரைக்கும்மா."

மகள் வெளியே வந்தார். நாங்களும் பின்னாலேயே வந்தோம். கதவை அவரே சாத்தினார். கூடத்தில் அட்டைப் பெட்டிகள்மேல் அக்காவும் நானும் உட்கார்ந்தோம். என் மடியில் ஸ்பானர் பெட்டி. மகள் சமையலறைக்குள் போனார். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது, பிறகு பாத்திரச் சத்தம். அக்கா கோட்டைக் கழற்றி மடித்தார். மறுநாளிலிருந்து தனக்கு வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மகள் ஒரு தட்டில் காபி எடுத்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு இரண்டு கொடுத்தார். தட்டில் இன்னும் இரண்டு இருந்தன. அறை வாசலுக்குப் போகாமல் அக்காவின் எதிரில் தயங்கி நின்றார்.

"உள்ள கொடுக்கலாமா? இதுக்கு ஏதாவது விதி இருக்கா?"

அக்கா யோசித்தார். பத்து விதியில் இது கிடையாது.

"கதவைத் தட்டிட்டுப் போங்கம்மா" என்றார்.

மகள் போய் இரண்டு முறை தட்டினார். தன் அப்பாவின் அறை வாசலில், கையில் தட்டோடு, உள்ளேயிருந்து டீச்சர் "வாங்க" என்று சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தார்.